கல்லும் நமது, கணக்கும் நமது!

எலவனாசூர்கோட்டைக்குப் போய்க் கோட்டையைத் தேடுகிறவர் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். 1757ல் வெள்ளைக்காரக் கம்பெனிகள் இரண்டும் நாட்டைப் பங்கு போட மோதிக்கொண்டபோது பிரெஞ்சுப் படை பிடித்த கோட்டை அது. இன்று பெரும்பாலும் ஊர்ப் பெயரில்தான் அது நிற்கிறது. அதற்கு மண் சுமந்தவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

கோட்டைக்கு வந்த கதி கோயிலுக்கும் வர வேண்டுமா என்பதே நம் கேள்வி. கிராம அர்த்தநாதீசுவரர் கோயில் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் இவ்வூரின் பழைய பெயர் இறையானரையூர்.

"கட்சிக்குக் கோயிலில் என்ன வேலை? கூலி கிடைக்காதவனுக்குக் கல்வெட்டு எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்கிறோம்.

கல்வெட்டு வெறும் பக்தி அல்ல. நிலம் யார் கையில் இருந்தது, வரி யார் தலையில் விழுந்தது என்று சொல்லும் தஸ்தாவேஜு அது. அருகிலுள்ள விருத்தாசலத்திலும் சோழ நாட்டுக் கொருக்கையிலும் 1429ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. விஜயநகர அதிகாரிகளும் நிலக்காணியாளர்களும் அநியாய வரி பிடுங்கியபோது, வலங்கை 98, இடங்கை 98 என்று பிரிந்து கிடந்த சாதியார் ஒன்றுகூடினார்கள். நியாயமானதைக் கொடுப்போம், அநியாயமானதைக் கொடுக்க மாட்டோம் என்று தீர்மானித்துக் கல்லிலே வெட்டினார்கள். ஜப்பானிய அறிஞர் நொபோரு கராஷிமா போன்றோர் ஆராய்ந்து எழுதிய வரலாறு இது. அந்தக் கல் அழிந்திருந்தால் நம் முன்னோரின் போராட்டமும் அழிந்திருக்கும்!

ஆனால் தமிழ்நாட்டில் எத்தனையோ கோயில்களில் திருப்பணி என்ற பெயரால் என்ன நடந்தது? மணல் வீச்சு இயந்திரம் எழுத்தைத் தேய்த்தது. சிமெண்டும் பெயிண்டும் மிச்சத்தை மூடின. காண்டிராக்டர் பில் வாங்கிக்கொண்டு போனார். ஊராருக்கு ஒரு நாள் கூலிகூட மிஞ்சவில்லை.

முறையாகச் செய்தால் கதை வேறு. பழைய கட்டடத்துக்குச் சிமெண்டு ஆகாது. சுண்ணாம்புக் காரைதான் வேண்டும். அதில் கடுக்காயும் வெல்லமும் சேரும். கடுக்காய் கல்வராயன் மலையில் விளைகிறது. வெல்லத்துக்கு நம் வயல் கரும்பு இருக்கிறது. காரை இடிக்க, கல் கொத்த, சாரம் கட்ட நம் ஆணும் பெண்ணும் இருக்கிறார்கள். பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் கேரளத்துக்கும் ஓடும் கைகளுக்கு ஊரிலேயே வேலை கிடைக்கும்.

கீழடியைப் பாருங்கள். 2015ல் தொடங்கிய அகழாய்வில் மண்வெட்டி பிடித்தவர்கள் அக்கம்பக்கத்துத் தொழிலாளர்களே. 2023ல் அங்கேயே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தோண்டி எடுத்ததை அந்த மண்ணிலேயே பார்க்க ஊர் ஊராக மக்கள் வருகிறார்கள்.

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012ல் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வர 2024 ஆயிற்று! காகிதத்தில் இருக்கும் சட்டம் கல்லைக் காக்காது.

ஆகவே நாம் கோருகிறோம்:

1. எலவனாசூர்க் கல்வெட்டுகளைப் பழுதின்றிக் காத்து, அவற்றின் செய்தியை எளிய தமிழில் பலகையில் எழுதி வை!

2. பழுதுபார்க்கும் வேலையை உள்ளூர்த் தொழிலாளருக்கே கொடு! ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி கொடு!

3. கடுக்காயை மலைவாழ் மக்களிடம் நேரடியாக நியாய விலைக்கு வாங்கு!

4. பாதுகாப்பு என்ற பெயரால் ஏழைகளின் குடிசையில் கை வைக்காதே!

5. சாதி பார்த்து எவரையும் வாசலில் நிறுத்தாதே!

ஆலைத் தோழர்களே, விவசாயத் தொழிலாளர்களே! கல்லைச் சுமந்தவர்கள் நம் பாட்டன்மார். கட்டியவன் பேரப்பிள்ளை வெளியே நிற்க, காண்டிராக்டர் உள்ளே கணக்கெழுதும் காலம் போதும். கிராம சபைக்குத் திரளுங்கள். இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக்குங்கள். 1429ல் சிதறிக் கிடந்தவர்கள் ஒன்றுகூடி ஜெயித்துக் காட்டவில்லையா? நம்மாலும் முடியும்!