பாதியில் திரும்புவதும் பயிற்சிதான்

ஈப்போ சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையத்திலிருந்து கிளம்பும் பயிற்சி விமானத்துக்குக் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், மேற்கே கிளேடாங் மலை. இடையில் குனோங் ராப்பாட், கோப்பெங் பக்கமெல்லாம் செங்குத்தான சுண்ணாம்புக் குன்றுகள். தித்திவங்சாவின் கோர்பு சிகரம் 2,183 மீட்டர் உயரம். காலையில் பளிச்சென்று தெரியும் மலை பிற்பகலில் மேகத்துக்குள் மறைந்துவிடும். சூடான காற்று சரிவில் ஏறி இடிமேகமாகத் திரளும். பருவக்காற்று மாறும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் இது இன்னும் கடுமை.

கருவிகளைப் பார்த்துப் பறந்து பழகாதவர் மேகத்துக்குள் சிக்கினால் என்ன ஆகும் என்று அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகம் 1954-இல் சோதித்தது. சோதனையில் பங்கேற்ற 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 நொடிகளில். விமானம் சாய்ந்து சுழலும்போதும் நேராகப் போவதாகவே உட்காது சொல்லும். அதை நம்பினால் முடிந்தது கதை.

ஆகவே மலைமுகட்டை நேராக நெருங்காதே, 45 பாகை சாய்வாக நெருங்கு, விலகித் திரும்ப இடம் இருக்கும் என்கிறார் பயிற்சி ஆசிரியர். பள்ளத்தாக்கின் நடுவில் பறக்காதே, ஓரமாகப் பற, அப்போதுதான் திரும்ப முழு அகலமும் கிடைக்கும். முகட்டைத் தாண்டிக் கீழிறங்கும் காற்றை எதிர்த்துச் சிறிய எஞ்சின் மேலேற முடியாமல் போகலாம். மேகம் இறங்கினால் உடனே திரும்பு.

கடைசிப் பாடம்தான் கடினம். பால் மரம் சீவிய தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளை விமானியாகப் போகிறான் என்றால் வீடே சேமிப்பைத் துடைத்துக் கொடுக்கிறது. கட்டணம் லட்சக்கணக்கான வெள்ளி. "எப்பப்பா லைசென்ஸ் கிடைக்கும்?" என்று அப்பா கேட்கும் கேள்வியும் மாணவனோடு விமானத்தில் ஏறிக்கொள்கிறது. அந்த அவசரத்தைக் குறைக்கும் பொறுப்பு பயிற்சிப் பள்ளிக்கு மட்டும் உரியதல்ல.

1960-இல் துன் சம்பந்தன் தோட்டத் தொழிலாளர்களின் சிறு தொகைகளைச் சேர்த்துத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். அப்படிச் சேர்ந்து சாதித்த சமூகம் நாம். கல்வி உதவி தரும் சங்கங்கள், வானிலையால் தள்ளிப்போகும் நாள்களுக்கும் சேர்த்தே தொகை ஒதுக்கட்டும். திரும்பி வந்த மாணவனைப் பள்ளிகள் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

ஊராருக்கும் பங்குண்டு. 1997 செப்டம்பர் 26 அன்று இந்தோனேசியாவின் மேடான் அருகே, புகைமூட்டமும் கட்டுப்பாட்டு அறையுடன் ஏற்பட்ட குழப்பமும் சேர்ந்து ஒரு கருடா விமானத்தை மலைப்பகுதியில் வீழ்த்தின. 234 பேர் மாண்டார்கள். குப்பையையும் காய்ந்த புல்லையும் கொளுத்திப் புகையைக் கூட்டும் பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும்.

பெற்றோரே, இன்று மாலை பிள்ளை போன் செய்தால், எத்தனை மணி நேரம் பறந்தாய் என்று கேட்காதீர்கள். வானம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். பறக்கவில்லை என்று சொன்னால், நல்லது செய்தாய் என்று சொல்லுங்கள்.