‘ஃபிக்ஸ்’ என்று எழுதிவிட்டு ஊருக்குப் போகும் கனவான்களுக்கு

சாஃப்ட்வேர் மக்கள் கோபப்பட்டாலும் பரவாயில்லை. நான் கோடு எழுதுகிற ஆள் இல்லை. சித்தூர்க்காரன், திருப்பதியில் பி.காம் படித்தவன், துபாயில் வங்கி உத்தியோகம். ஆனால் கிட்டில் நீங்கள் எழுதிவைக்கும் கமிட் குறிப்புகளைப் படித்து அவதிப்படுகிற கூட்டத்தில் நானும் ஒருத்தன்.

போன வருஷம் ஒருநாள் வட்டிக் கணக்கு சில ஃபில்ஸ் உதைத்தது. ரவுண்டிங் விதியை யாரோ மாற்றியிருக்கிறார்கள். யார், எப்போது என்பதை கிட் நொடியில் சொல்லிவிட்டது. ஏன்? ‘ஃபிக்ஸ்’. அதற்கு முந்தையது? ‘ஃபிக்ஸ் 2’. அதற்கும் முந்தையது ‘ஃபைனல்’ :-) எழுதியவர் கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போயாச்சு. பழைய விதிக்குத் திரும்பலாமா கூடாதா என்று முடிவு செய்ய மூன்று நாள். அந்த மூன்று நாளும் திட்டு வாங்கியது, அவர் இடத்துக்குப் புதிதாக வந்த இன்னொரு தமிழ்ப் பையன்.

காமர்ஸ்காரர்களுக்குத் தெரியும். ஜர்னலில் பற்று, வரவு போட்டால் மட்டும் ஆகாது, கீழே நரேஷன் வேண்டும். எவ்வளவு என்று எண்ணே சொல்லும். எதற்கு என்று நரேஷன்தான் சொல்லணும். கமிட்டும் அப்படித்தான். எந்த வரி மாறியது என்பதை கிட்டே காட்டிவிடும். காரணம் உங்கள் மண்டைக்குள் இருக்கிறது. முதல் வரி ஐம்பது எழுத்துக்குள் சுருக்கம், ஒரு வரி இடைவெளி, பிறகு காரணம். டீமில் எல்லோரும் ஒரே மாதிரி எழுதினால் தேடவும் சுலபம். இதற்கு இரண்டு நிமிஷம் ஆகுமா?

‘ஏஐ எழுதித் தருதே சார்’ என்பது புது சாக்கு. மாறிய வரிகளைப் பார்த்து அது அழகாக எழுதும், சரி. மாற்றியது மத்திய வங்கி சுற்றறிக்கையாலா, வாடிக்கையாளர் புகாராலா என்று அதற்கு யார் சொன்னது?

எங்க ஊர் சமாச்சாரம் ஒன்று. திருமலைக் கோயில் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழ். பத்தாம் நூற்றாண்டில் சாமவை என்ற பெண்மணி வெள்ளியில் பெருமாள் திருமேனி செய்து கொடுத்ததில், என்ன நகை, எவ்வளவு நிலம், எந்தப் பூஜைக்கு என்பதுவரை உண்டு. விஜயநகர காலக் கல்வெட்டுகள் பலவற்றின் முடிவில், ஸ்ரீவைஷ்ணவர்கள் சொல்லி எழுதியது கோயில் கணக்கு திருநின்றஊர் உடையான் என்று கணக்கருடைய கையெழுத்தும் இருக்கும். (நம்ம ஜாதி, கணக்குப்பிள்ளை ஜாதி!) லினக்ஸ்காரர்கள் ‘சைன்டு ஆஃப் பை’ என்று பேர் போட ஆரம்பித்தது 2004-ல்.

இன்னொன்று. 13ஆம் நூற்றாண்டில், யாதவராயர் காலத்தில், கோயிலைப் புதுப்பித்தார்கள். பழைய சுவரில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டிவைத்தார்கள். உளியால். நம் மகானுபாவர்கள் சர்வர் மாற்றும்போது பத்து வருஷ வரலாற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு ‘இனிஷியல் கமிட்’ என்று ஆரம்பிக்கிறார்கள்.