குழுவுக்கு வெளியே ஒரு கடிதம்

சிந்துவெளி எழுத்தின் புதிரை விடுவிப்போருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று தமிழ்நாட்டு முதலமைச்சர் 2025 ஜனவரியில் அறிவித்தது முதல், அதைப் படித்துவிட்டதாகக் கூறும் கோப்புகள் எனக்கும் வருகின்றன. அனுப்புவோர் பெரும்பாலும் மாணவர்கள். ஒரே முத்திரையைத் தமிழாகவும் சமஸ்கிருதமாகவும் முண்டா மொழியாகவும் படித்த மூன்று கோப்புகள் என்னிடம் உள்ளன. மூன்றும் அவரவர் இணையக் குழுவில் பெரிதும் பாராட்டப்பட்டவை.

இக்குழுக்களை நான் இகழவில்லை. கிடைத்தற்கரிய நூல்களும் படங்களும் அங்கே பகிரப்படுகின்றன. புதியவர் கூச்சமின்றிக் கேட்கிறார். குறை வேறிடத்தில் உள்ளது. அனைவரும் ஒரே நான்கைந்து நூல்களைப் படித்தவர்கள் என்பதால், ஒருவர் அறியாததை மற்றவரும் அறிவதில்லை. முத்திரையில் குறிகள் தலைகீழாய், கண்ணாடிப் பிம்பம்போல் செதுக்கப்பட்டிருக்கும்; களிமண்ணில் பதித்த அச்சையே படிக்க வேண்டும். அம்மூன்று கோப்புகளுள் ஒன்று முத்திரையின் படத்தை அச்சின் படமாகக் கொண்டு, வரிசையையே புரட்டிப் படித்திருக்கிறது. கல்வெட்டியலாளர் ஒருவர் ஒரு நிமிடத்தில் சுட்டியிருப்பார். குழுவிலோ எவருக்கும் அது தோன்றவில்லை; மாணவரின் ஈராண்டு உழைப்பு அதன்மேல் நிற்கிறது.

துறைக்கு வெளியே இருப்பவர் எதையும் சாதிக்க முடியாது என்பதன்று என் வாதம். லீனியர் பி எழுத்தை 1952-இல் விடுவித்த மைக்கேல் வென்ட்ரிஸ் ஒரு கட்டடக் கலைஞர். அவர் தம்மைப் போன்ற ஆர்வலர்களைத் திரட்டவில்லை. அவ்வெழுத்தில் உழைத்துவந்த பன்னிரண்டு அறிஞர்களுக்கு வினாநிரல் ஒன்றை அனுப்பினார். பத்துப் பேர் விடையளித்தனர். அமெரிக்காவின் ஆலிஸ் கோபர் இது வீண்வேலை என்று கடுமையாக மறுத்தெழுதினார். ஆயினும் சொல்லீறுகளின் மாற்றம் பற்றிய கோபரின் கட்டுரைகளே வென்ட்ரிஸுக்கு வழிகாட்டின. (வல்லுநரிடம் மரியாதையான பதிலை எதிர்பார்க்க வேண்டியதில்லை போலும்!)

அம்மொழி எட்ருஸ்கனோடு உறவுடையது என்று நெடுங்காலம் நம்பியிருந்த வென்ட்ரிஸ், சான்றுகள் கிரேக்கத்தைக் காட்டியபோது திகைத்தார். கிரேக்கமென்றால் சுட்டிடைச்சொல் எங்கே என்பது அவருடைய ஐயங்களுள் ஒன்று. அத்தனை பழைய கிரேக்கத்தில் அது இல்லாதிருப்பதே இயல்பு என்று விளக்கியவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜான் சாட்விக். கிரேக்கத்தின் வரலாற்று இலக்கணம் அறிந்த ஒருவரே தரக்கூடிய விடை அது. ஆர்வம் எவ்வளவு திரண்டாலும் அதற்கு ஈடாகாது. பின்னர், வென்ட்ரிஸ் கண்டிராத களிமண் பலகை ஒன்றில் அவரது அட்டவணையைப் பொருத்திப் பார்த்தார் அகழாய்வாளர் கார்ல் பிளேகன். முக்காலிப் பாத்திரத்தின் படத்தருகே முக்காலி என்னும் சொல்லே கிடைத்தது.

சிந்துவெளியில் அத்தகைய சோதனை இன்னும் அரிது. ஒரு பொறிப்பில் சராசரியாக ஐந்து குறிகளே உள்ளன. இருமொழிப் பொறிப்பு எதுவும் கிடைக்கவில்லை. இவ்வளவு சிறிய சான்றை எம்மொழியாகவும் படிக்கலாம். ஆகவேதான் மறுப்பவர் தேவைப்படுகிறார். 1977-இல் வெளிவந்த தொகுப்பில் 417 குறிகளைப் பட்டியலிட்ட ஐராவதம் மகாதேவனும் இந்திய ஆட்சிப் பணியில் இருந்தவர்தாம் என்பதை நினைவூட்டுகிறேன்.

பேராசிரியர் பதிலளிக்கமாட்டார் என்னும் அச்சம் மாணவர்களிடம் இருக்கிறது. நம் துறைகளின் மௌனம் அதை வளர்க்கிறது. நூறு பக்கக் கோப்பைப் படிக்க எவருக்கும் நேரமில்லை என்பது உண்மையே. ஆனால் "இந்த முத்திரையில் மூன்றாம் குறியை இவ்வாறு பிரித்தது சரியா?" என்று ஒற்றைக் கேள்வி, படத்தோடும் தொகுப்பு எண்ணோடும் வந்தால், இரண்டு வரி எழுத எத்தனை நேரமாகும்? மாணவர்கள் அப்படிக் கேட்கப் பழகட்டும். ஆய்வாளர்களாகிய நாம் மாதத்துக்கு ஒரு பிற்பகலை அத்தகைய கடிதங்களுக்கு ஒதுக்கலாம். அதற்கு நிதியோ பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதியோ தேவையில்லை.