விசாரிக்க வேண்டியது பெயரையா, நடத்தையையா?

தி.நகர் உஸ்மான் சாலை நகைக் கடை வாசல்களில் துப்பாக்கியோடு நிற்கும் காவலாளிகளைத் தினமும் பார்க்கிறோம். மயிலாப்பூர், அடையாறு வங்கிகளிலும் இதே காட்சிதான். அந்தத் துப்பாக்கிக்கு உரிமம் கொடுத்தது யார்? கொடுக்கும் முன் வாங்கியவரைப் பற்றி விசாரித்தது யார்? இதையெல்லாம் நாம் கேட்பதில்லை. "துப்பாக்கி விவகாரம் நமக்கெதற்கு, வீண் வம்பு" என்று ஒதுங்கிக் கொள்கிறோம். இந்த ஒதுக்கம் சரியல்ல. துப்பாக்கி வாங்குபவனை ஒழுங்காக விசாரிக்காவிட்டால் பலியாவது யார் என்பதை நியூசிலாந்து காட்டிவிட்டது.

2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. கிறைஸ்ட்சர்ச் நகரின் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொலையாளி ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த வெள்ளை இனவெறியன். அவன் அந்தத் துப்பாக்கிகளைத் திருடவில்லை. 2017 நவம்பரில் நியூசிலாந்து காவல்துறை கொடுத்த உரிமத்தைக் காட்டியே வாங்கினான்.

அந்த உரிமம் எப்படிக் கிடைத்தது? விண்ணப்பதாரரை நெருக்கமாக அறிந்த உறவினரிடம் விசாரிக்க வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. ஆனால் காவல்துறை விசாரித்தது இணைய விளையாட்டின் மூலம் பழகிய ஒரு நண்பரையும், அந்த நண்பரின் பெற்றோரில் ஒருவரையும்தான். இது உரிய தரத்தில் நடந்த விசாரணை அல்ல என்று 2020ல் வெளியான அரச ஆணையத்தின் அறிக்கை சுட்டிக்காட்டியது. ஒருவரிடம் எத்தனை துப்பாக்கிகள் உள்ளன என்பதற்கு முழுமையான பதிவேடும் அந்நாட்டில் அப்போது இல்லை. 2023ல்தான் அதைத் தொடங்கினார்கள்.

அதே அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. அந்நாட்டு உளவுத்துறைகள் தங்கள் கவனத்தை அளவுக்கு மீறி முஸ்லிம் தீவிரவாதம் என்ற ஒரே பக்கத்தில் குவித்திருந்தன. அதனால்தான் தாக்குதல் நடந்தது என்று ஆணையம் கூறவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் ஒரு சமுதாயத்தையே சந்தேகக் கண்ணோடு பார்த்த நாட்டில், துப்பாக்கி கேட்டு வந்தவனிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சரியாகக் கேட்கப்படவில்லை என்பது உண்மைதானே!

நம் நாட்டு நிலை என்ன?

வெள்ளையர் ஆட்சியில் 1878ல் வந்த ஆயுதச் சட்டம் தோலின் நிறம் பார்த்தது. இந்தியனுக்கு உரிமம் வேண்டும், ஐரோப்பியனுக்கு விலக்கு! சுதந்திர இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் இந்தப் பாகுபாடு இல்லை. சென்னையில் உரிமம் வழங்குபவர் மாநகரக் காவல் ஆணையர். விண்ணப்பம் வந்ததும் உள்ளூர்க் காவல் நிலையத்திடம் அறிக்கை கேட்க வேண்டும். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி மருத்துவச் சான்றும் தேவை. வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றவர், தண்டனை முடிந்து 5 ஆண்டுகள் ஆகும்வரை துப்பாக்கி வாங்க முடியாது. கடைக்காரர் இருப்பையும் விற்பனையையும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். சொந்தத் துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்க நினைப்பவரும் எழுத்து மூலம் தகவல் கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும்.

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. குறித்த காலத்துக்குள் காவல் நிலைய அறிக்கை வராவிட்டால், அதற்காகக் காத்திராமலே உரிம அதிகாரி முடிவெடுக்கலாம் என்கிறது பிரிவு 13(2ஏ). இத்தகைய ஓட்டை அமெரிக்காவில் என்ன செய்தது? மூன்று வேலை நாட்களில் பதில் வராவிட்டால் கடைக்காரர் துப்பாக்கியை விற்கலாம் என்பது அந்நாட்டுச் சட்டம். அப்படித் துப்பாக்கி வாங்கிய ஒரு நிறவெறியன், 2015 ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் 9 கறுப்பின மக்களைக் கொன்றான்.

பதிவேடு இருந்தால் மட்டும் போதுமா? அதில் எழுதுபவரும் நேர்மையாக இருக்க வேண்டும். ஜம்மு-காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை சுமார் 2.78 லட்சம் உரிமங்கள் தகுதியற்றவர்களுக்கு வழங்கப்பட்டதாக சி.பி.ஐ. கூறியது. அதிகாரிகளும் துப்பாக்கி வியாபாரிகளும் கூட்டுச் சேர்ந்து செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 2020ல் இரண்டு ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் கைது செய்யப்பட்டனர்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். காவல் நிலைய அறிக்கை வராமல் யாருக்கும் உரிமம் தரக்கூடாது. கடைகளின் பதிவேடுகளை தேசிய ஆயுத உரிமத் தொகுப்போடு முறையாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். விண்ணப்பதாரரின் பெயரையோ தெருவையோ பார்க்காமல் நடத்தையை விசாரிக்க வேண்டும். "விசாரணை வேண்டாம்" என்று நாம் சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரே விசாரணை வேண்டும் என்கிறோம்!

வணிகச் சகோதரர்களே, உரிமம் மறுக்கப்பட்டால் முணுமுணுத்துக் கொண்டு வீடு திரும்பாதீர்கள். மறுப்புக்கான காரணத்தை எழுதி வைக்க வேண்டும், கேட்டால் தர வேண்டும் என்கிறது பிரிவு 14. பொதுநலன் கருதி மட்டுமே அதைத் தர மறுக்கலாம். மேல்முறையீட்டுக்குப் பிரிவு 18 வழி செய்கிறது. கடைக்கு ஆயுதக் காவலாளி வைப்பவர்கள், அவருடைய உரிமத்தை வாங்கிப் பாருங்கள். காலாவதியாகிவிட்டதா, தமிழ்நாட்டில் செல்லுமா, அதிலுள்ள எண்ணும் துப்பாக்கியில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று சரிபாருங்கள். நகல் எடுத்துக் கோப்பில் வையுங்கள். காவலாளியின் பின்னணியை விசாரிப்பது அவரை அனுப்பும் நிறுவனத்தின் கடமை என்கிறது 2005ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு நிறுவனச் சட்டம். அந்தச் சான்றையும் கேளுங்கள்.

இளைஞர்களே, "இரண்டு நாள் வைத்திரு" என்று நண்பன் தரும் ஆயுதத்தை ஒரு மணி நேரம்கூட வைத்திருக்காதீர்கள். உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். "அது என்னுடையது அல்ல" என்ற வாதம் உங்களைக் காப்பாற்றாது.

பிரிவு 13(2ஏ)இல் உள்ள ஓட்டையை அடைக்க மத்திய அரசு முன்வருமா? இன்னொரு கிறைஸ்ட்சர்ச் நடந்த பிறகு ஆணையம் அமைத்து என்ன பயன்?