தந்தையின் மௌனமும் மகனின் செவியும்

 

“மகன் எந்நேரமும் ராப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறான், இது கூடுமா, கூடாதா?” என்று மதரஸாவுக்கு வரும் பெற்றோர் கேட்பதுண்டு. நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் இசைக்கருவிகளைத் தடுத்திருக்கிறார்கள். இப்னு ஹஸ்ம் போன்ற சிலர் வேறு கருத்துக் கொண்டிருந்தார்கள். இந்தச் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது எளிது. ஆனால் ‘கூடாது’ என்று சொல்லி எழுந்துவிடுவதோடு ஒரு தந்தையின் கடமை முடிந்துவிடுமா? தன் வீட்டில் கிடைக்காத எதை அந்தக் குரலில் அவன் தேடுகிறான் என்ற கேள்வி அப்படியே எஞ்சி நிற்கிறது.

இக்கேள்வியை எழுப்பும் வாழ்க்கை ஒன்று உண்டு. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரைச் சேர்ந்த பிரதர் அலீ என்னும் முஸ்லிம் ராப் கலைஞருடையது அது. 1977இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் வெள்ளையினப் பெற்றோருக்கு அவர் பிறந்தார். தோலிலும் முடியிலும் நிறமி இல்லாத அல்பினிசம் என்னும் பிறவி நிலை அவருக்கு. அதனால் கண்பார்வையும் மிகக் குறைவு. சட்டப்படி பார்வையற்றவராகவே கருதப்படுபவர். பள்ளியில் வெள்ளையினச் சிறுவர்கள் அவரைக் கேலி செய்து ஒதுக்கினார்கள். அரவணைத்துக்கொண்டவர்கள் கறுப்பின மக்கள். அவர்களுடைய ராப் கலையே அவருக்குப் பேச்சாயிற்று.

பதின்ம வயதின் தொடக்கத்தில், கேஆர்எஸ் ஒன் என்னும் ராப் கலைஞரின் வழியாக மால்கம் எக்ஸின் தன்வரலாறு அவருக்கு அறிமுகமாயிற்று. அந்நூல் அவரை இஸ்லாத்தின் வாசலுக்கு இட்டுச் சென்றது. பதினைந்தாம் வயதில் கலிமாச் சொன்னார். 1975இல் தம் தந்தை எலிஜா முஹம்மதின் இயக்கத்தைப் பொறுப்பேற்று, அதனைப் படிப்படியாக அஹ்லுஸ் சுன்னா வழிக்குத் திருப்பிய இமாம் வாரிஸுத்தீன் முஹம்மத் அவர்களே அவருக்கு வழிகாட்டியாக அமைந்தார்கள்.

பார்வையற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பொருட்டு அருளப்பட்ட ‘அபஸ’ அத்தியாயத்தை நாம் ஓதுகிறோம். பிள்ளைகளுக்கு மனனமும் செய்விக்கிறோம். ஊரில் எவருக்கும் பொருட்டாகத் தோன்றாத ஒருவர் தேடி வரும்போது, அவருக்கு முகம் கொடுப்பது எத்துணைப் பெரிய கடமை என்பதை அது கற்பிக்கிறது. கறுத்த நிறத்திற்காகவும், திக்கும் நாவுக்காகவும், தடித்த கண்ணாடிக்காகவும் பட்டப்பெயர் சூட்டப்படும் பிள்ளைகள் நம் தெருக்களில் இல்லையா? அவர்களுக்கு முகம் கொடுப்பவர் யாரோ, அவர் பின்னால்தான் அவர்கள் போவார்கள். அலீ போன வழியில் இஸ்லாம் இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். எல்லா வழியிலும் அது இருப்பதில்லை.

பெரிய நிறுவனங்களைச் சாராமல், ரைம்சேயர்ஸ் என்னும் உள்ளூர்த் தனி நிறுவனத்தின் வழியாக அவர் தம் பாடல்களை வெளியிட்டார். அந்நாட்களில் திருமண வாழ்வு முறிந்தது. சில காலம் தங்குவதற்கு வீடும் இல்லை. இடையில் ஒரு சிறு மகன். அவனைத் தம்மோடு வைத்து வளர்த்தார். 2007இல் வெளிவந்த தொகுப்பில் மகனின் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாடல் ஒன்று உண்டு. புகழைப் பாட வேண்டிய இடத்தில், ஒரு தந்தை தம் தளர்ச்சியையும் அன்பையும் மகனிடம் நேராகச் சொல்கிறார்.

பத்தாண்டு கழித்து, 2017இல் இன்னொரு தொகுப்பு வந்தது. அதில் ஒரு பாடல், தற்கொலை செய்துகொண்ட தம் தந்தையையும், அதே முடிவைத் தேடிக்கொண்ட பாட்டனாரையும் பற்றியது. அதே தொகுப்பில் மற்றொன்று, கறுப்பின இளைஞனாக வளரும் மகனுக்கு எழுதிய கடிதம் போன்றது. அமெரிக்கத் தெருவில் அவனுடைய நிறத்தை மற்றவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று அவனுக்கு எடுத்துரைக்கிறார்.

இவ்விரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு தலைமுறை ஆண்கள் தங்கள் துயரத்தோடு மறைந்து போயிருக்கிறார்கள். மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்தவர் வாய் திறக்கிறார்; நான்காம் தலைமுறை கேட்கிறது. நிலமும் வீடும் போலவே மௌனமும் வாரிசுச் சொத்தாக இறங்கி வருவது. அதைப் பெற மறுத்தவர் இவர்.

“பாடகரையா நம் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்டுவது?” என்று சிலர் கேட்கக்கூடும். நமக்கு முன்மாதிரி அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்களே. பேரர் ஹஸன் (ரலி) அவர்களை நபியவர்கள் முத்தமிட்டபோது, தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்றார் அக்ரஃ இப்னு ஹாபிஸ். இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படமாட்டாது என்பதே அவருக்குக் கிடைத்த மறுமொழி. யூசுஃப் (அலை) தாம் கண்ட கனவை முதலில் சொன்னது தந்தையிடம். யஃகூப் (அலை) அதைச் செவிமடுத்து ஆலோசனை சொன்னார்கள். லுக்மான் (அலை) தம் மகனை அன்போடு விளித்தே உபதேசம் செய்தார்கள். இத்தனை செல்வம் நம் வேதத்தில் இருக்க, தந்தை மகனிடம் மனம் திறப்பதை ஒரு பாடகரிடம் காண நேர்வதே நாம் வெட்கப்பட வேண்டிய செய்தி.

நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். வளைகுடாவிலிருந்து அழைக்கும் வாப்பா, “தொழுதாயா? மார்க் எவ்வளவு? உம்மாவிடம் போனைக் கொடு” என்கிறார். மூன்று வாக்கியங்களில் உரையாடல் முடிகிறது. கடன் சுமையும், கஃபீலிடம் பட்ட அவமானமும், இரவில் உறக்கம் வராத கவலையும் மகனுக்குத் தெரிவதே இல்லை. தெரிந்தால் மரியாதை குறைந்துவிடும் என்று அஞ்சுகிறோம். மகனும் தன் தோல்விகளை மறைக்கக் கற்றுக்கொள்கிறான். தந்தையின் வலி தெரியாத மகன், தன் வலியை மட்டும் அவரிடம் எப்படிச் சொல்வான்?

தற்கொலை பெரும்பாவம் என்பதை மிம்பரில் உரக்கச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். அதே அளவுக்கு, மனம் உடைந்தவன் பேசுவதற்கு வீட்டில் ஒரு செவியும் வேண்டும். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வதில் வெட்கம் ஏதும் இல்லை.

இன்றிரவு இஷாவுக்குப் பின் மகனருகில் சற்று நேரம் அமருங்கள். என்ன கேட்கிறாய், அதில் உனக்கு என்ன பிடித்திருக்கிறது என்று கேளுங்கள். தடுக்க வேண்டியதைப் பிறகு தடுக்கலாம். முதலில் செவி கொடுங்கள். உங்கள் இளமையின் இன்னல் ஒன்றையும், அதிலிருந்து அல்லாஹ் உங்களை மீட்ட விதத்தையும் சொல்லுங்கள். பிள்ளைகள் அமானிதம், அவர்களுடைய மனமும் அந்த அமானிதத்தில் அடக்கம்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்குவானாக. அவர்களோடு பேசும் நாவையும் நமக்குத் தருவானாக. ஆமீன்.