தோண்டினவன் கடன்

கல் குவாரிக்காரர்கள் ஒரு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, வெடி வைத்துப் பிளந்து, எடுக்க வேண்டியதையெல்லாம் எடுத்துக்கொண்டு போன பிறகு, அந்த இடத்தைப் பற்றிக் கேட்டால், "அது செத்த பூமி, இனி அதில் புல்கூட முளைக்காது" என்று சொல்லிவிடுகின்றார்கள். உத்தியோகஸ்தர்களும் அதற்கு ஆமாம் போடுகின்றார்கள். ஊர் ஜனங்களோ தலைவிதி என்று இருந்துவிடுகின்றார்கள். இந்தப் பேச்சினால் குவாரிக்காரருக்குச் செலவு மிச்சம். உத்தியோகஸ்தருக்கு வேலை மிச்சம். ஊராருக்கு என்ன மிச்சம் என்று கேட்கின்றோம். ஆடு மாடு மேய்ந்த இடமும் போய், பிள்ளைகள் விழுந்து சாகும் தண்ணீர்ப் பள்ளந்தானே மிச்சம்?

பூமி செத்துவிட்டது என்பதாவது உண்மையா? ஆப்பிரிக்காவில், கென்யா தேசத்து மொம்பாசா நகருக்குப் பக்கத்தில் பம்புரி என்று ஓர் இடம். அங்கே 1954 முதல் சிமெண்டுக்காகப் பவளச் சுண்ணாம்புக் கல்லை வெட்டினார்கள். மிஞ்சியது வெறும் பாறை. மண் இல்லை, நிழல் இல்லை, அடியில் உப்பு நீர். 1971-இல் அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்த ரெனே ஹாலர் என்பவர் அதில் 26 வகை மரங்களை நட்டுப் பார்த்தார். மூன்றே வகை பிழைத்தன. அவற்றில் ஒன்று, நம் கடற்கரைகளில் வளர்த்து வெட்டுகின்றோமே, அந்தச் சவுக்கு மரந்தான். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும் நுண்ணுயிர்கள் அதன் வேர் முண்டுகளில் குடியிருப்பதால், சத்தில்லாத இடத்திலும் அது தாக்குப் பிடிக்கும்.

ஆனால் உதிர்ந்த சவுக்கு இலை மக்கவில்லை. மெத்தை மாதிரி அப்படியே கிடந்தது. (நம்மவர்களாயிருந்தால், மரம் நட்டாயிற்று, படமும் பிடித்தாயிற்று என்று விழாவை முடித்திருப்பார்கள்.) ஹாலர் விடாமல் கவனித்ததில், மரவட்டை அந்த இலையைத் தின்பது தெரிந்தது. நூற்றுக்கணக்கான மரவட்டைகளைப் பிடித்துவந்து விட்டார். அவை தின்று கழித்தது எருவாயிற்று; எரு மண்ணாயிற்று; மண்ணில் வேறு மரங்களும் வந்தன. இன்று ஜனங்கள் பணம் கொடுத்துப் போய்ப் பார்க்கும் காடு அது. கம்பெனி ஒன்றும் இதனால் திவாலாகிவிடவில்லை.

ஆகவே, முடியாது என்பது பொய்; காலமும் பணமும் பிடிக்கும் என்பதே உண்மை. அந்தப் பணம் யாருடையது? 2020 ஜனவரி 8-இல் இந்திய உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லியாயிற்று. சுரங்கக் குத்தகைக்காரர் வேலை முடிந்ததும், தாம் கெடுத்த நிலத்தில் தம் செலவிலேயே மறுபடி புல் வளர்த்து, தீவனமும் செடி கொடிகளும் உண்டாகத் தக்கதாக அதைச் செய்து கொடுக்க வேண்டுமென்ற நிபந்தனையைக் குத்தகையில் சேர்க்கும்படி மத்திய சர்க்காருக்கு உத்தரவிட்டது. உத்தரவு காகிதத்தில் இருக்கிறது. புல் எத்தனை குவாரியில் இருக்கிறது என்று தோழர்கள் தங்கள் ஊரிலேயே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

இனிமேல் குவாரி கேட்டு வருபவனிடம், மேல் மண்ணை எங்கே தனியாகக் குவித்து வைப்பாய், நட்ட மரத்தை எத்தனை வருஷம் பார்ப்பாய், அதற்கு முன்பணம் எவ்வளவு கட்டுவாய் என்று முதல் வெடி வைக்கும் முன்னேயே கேட்டு எழுதி வாங்குங்கள். பள்ளம் விழுந்த பிறகு கேட்கப் போனால், அவன் அடுத்த ஊர் மலையில் இருப்பான்.