மாத்திரையா ஜெபமா என்று கேட்பவர்களுக்கு

சேரியில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் இரண்டு கூட்டம் உடனே பேச ஆரம்பித்துவிடும். ஒரு கூட்டம் மேடை போட்டு, "இது பிசாசின் கட்டு, மாத்திரையைத் தூக்கிப் போடு, விசுவாசம் வை" என்கிறது. இன்னொரு கூட்டம், "இதுக்குத்தான் மதம் மாறாதேன்னு சொன்னோம், ஜெபத்தை நம்பி ஆளைச் சாகடிக்கிறாங்க" என்று முகநூலில் சிரிக்கிறது. முதல் கூட்டம் நம் மக்களின் உயிரோடு விளையாடுகிறது. இரண்டாவது கூட்டம் மானத்தோடு விளையாடுகிறது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

களப்பணியில் நாங்கள் நெருங்கிப் பழகிய ஒரு குடும்பத்தைச் சொல்கிறோம். ஊரும் பெயரும் வேண்டாம். கணவர் கொத்தனார். சாரத்தில் நின்று வேலை செய்யும்போது வலிப்பு வந்து விழுந்தார். அன்றோடு மேஸ்திரி கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். மனைவி நூறு நாள் வேலைக்கும் களையெடுக்கவும் போகிறார். மாதம் ஒருமுறை விடியற்காலையில் கிளம்பி, இரண்டு பேருந்து மாறி, அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் வரிசையில் நிற்க வேண்டும். இரண்டு பேருக்கும் அன்றைய கூலி போய்விடும். சில மாதம் ஒரு மாத்திரை இருக்கும், இன்னொன்றை வெளியே வாங்கச் சொல்வார்கள்.

அந்தப் பேருந்துக் காசை யார் கொடுத்தது? அரசு கொடுக்கவில்லை. நம் இயக்கங்களும் கொடுக்கவில்லை. சபையின் பெண்கள் ஐக்கியம் காணிக்கை எடுத்துக் கொடுத்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது அதே சபையின் ஒரு பாட்டி. இரவில் குடும்ப ஜெபம் முடிந்ததும் அந்த அம்மா வேதாகமப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் கணவர் கையில் கொடுப்பார். அவருக்கு இரண்டும் ஒரே வேலை.

பிறகு ஊருக்கு மூன்று நாள் சுகமளிக்கும் கூட்டம் வந்தது. வெளியூர் போதகர். மாத்திரையை விட்டுவிட்டு மேடையேறிச் சாட்சி சொல்லச் சொன்னார். கணவர் விட்டார். உபவாசம், முழு இரவு ஜெபம். நான்காம் நாள் வலிப்பு நிற்காமல் அடுத்தடுத்து வந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க வேண்டியதாயிற்று. போதகர் சொன்ன காரணம்: விசுவாசக் குறைவு. அந்த அம்மா அவரிடம் கேட்டார்: "பாஸ்டர், நீங்க கண்ணாடி போட்டுத்தானே வேதம் வாசிக்கிறீங்க? உங்களுக்கு மட்டும் விசுவாசம் குறைவில்லையா?"

எங்களுக்குத் தெரிந்து இதைவிட நல்ல இறையியல் கேள்வி இல்லை.

மருத்துவம் சொல்வதைத் தெளிவாகத் தெரிந்துகொள்வோம். வலிப்பு என்பது மூளையின் மின் செயல்பாட்டில் திடீரென ஏற்படும் கோளாறு. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பில்லாமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு தொடர்ந்து வந்து உயிரே போகலாம். தூக்கம் கெட்டாலும் வலிப்பு தூண்டப்படும். அப்படியென்றால் வலிப்பு நோயாளியை மருந்தில்லாமல் விடிய விடிய உட்காரவைப்பது ஆராதனையா, கொலை முயற்சியா? அவர் குணமானால் புகழ் போதகருக்கு, விழுந்தால் பழி நோயாளிக்கு. இந்தக் கணக்கில் போதகர் மட்டும் ஒருநாளும் தோற்பதே இல்லை.

வேதத்தை ஆதாரம் காட்டுகிறார்களே, அதையும் பார்ப்போம். சுவிசேஷத்தில் வலிப்பால் துன்பப்படும் பையனின் கதை இருக்கிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவனைச் சந்திரரோகி என்றே குறிக்கிறது. அந்தக் கதையில் இயேசு நம்பிக்கைக் குறைவுக்காகக் கடிந்துகொண்டது கூட்டத்தையும் சீடர்களையும். தன் அவநம்பிக்கையை அழுதுகொண்டே ஒப்புக்கொண்ட தகப்பனை அவர் விரட்டவில்லை, நோயாளிப் பையனைக் குற்றம் சொல்லவும் இல்லை. நோயாளிக்குத்தான் வைத்தியர் தேவை என்று சொன்னவரும் அவரே. லூக்கா ஒரு வைத்தியர். நல்ல சமாரியன் காயத்தைக் கட்டி, சத்திரத்துக்காரனுக்குக் காசும் கொடுத்துவிட்டுப் போகிறான். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு வேலூரில் தொடங்கியதுதான் இன்றைய சிஎம்சி. கிறிஸ்தவம் என்றாலே மருந்துக்கு எதிரி என்பது போதகர்களில் சிலர் சொல்லும் பொய். அதையே திருப்பிச் சொல்வது சங்கிகளின் பொய்.

சட்டமும் இருக்கிறது. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய வைத்தியங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்தின் நோய்ப் பட்டியலில் வலிப்பும் உண்டு. தாயத்து, மந்திரம் போல அற்புத சக்தி உள்ளதாகச் சொல்லி எதையும் அந்த நோய்களுக்கு மருந்தாக விளம்பரம் செய்வது குற்றம். பாட்டிலில் எண்ணெயை அடைத்து விற்பவருக்கும் தாயத்துக் கட்டுபவருக்கும் சட்டம் ஒன்றுதான்.

இனி சிரிக்கிற கூட்டத்துக்கு வருவோம். நோயைச் சாமியிடம் கொண்டுபோவது கிறிஸ்தவர்கள் மட்டுமா? குணசீலம் கோயிலில் மண்டலக் கணக்கில் தங்கவைக்கப்படுபவர்கள் யார்? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்ட நிலையில் 28 மனநோயாளிகள் தீயில் கருகினார்களே, அவர்களை அங்கே கொண்டுபோய்விட்டது ஒரே ஒரு மதத்தின் குடும்பங்களா? மருத்துவம் எட்டாத இடத்தில் எல்லா மதத்துக்காரரும் எல்லாக் கதவையும் தட்டுகிறார்கள். கேள்வி கேட்க வேண்டியது எட்டாத மருத்துவத்தை. ஆனால் கேலி மட்டும் சேரிக்கு வந்து சேர்கிறது.

"பன்னிக்கறி தின்றால் வலிப்பு வரும்" என்பது இன்னொரு வசை. இதை மருத்துவம் போலவே பேசுவார்கள். உண்மை வேறு. மூளையில் நாடாப்புழுக் கட்டி வருவது, அந்தப் புழுவின் முட்டை மனித மலம் கலந்த தண்ணீர், காய்கறி வழியாக வயிற்றுக்குள் போவதால். சரியாக வேகாத பன்றிக்கறியால் வருவது குடலில் வளரும் புழு. கறியே தொடாதவருக்கும் மூளைக் கட்டி வரும். ஆக இது கழிப்பறையும் சுத்தமான குடிநீரும் இல்லாததால் வரும் நோய். சேரிக்கு அவை ஏன் கடைசியாக வந்தன, பல இடங்களில் ஏன் இன்னும் வரவில்லை? தலைக்காயமும் வலிப்புக்கு ஒரு காரணம். பாதுகாப்பில்லாத சாரத்தில் ஏறுகிறவன் யார்? பிரசவத்தில் குழந்தையின் மூளைக்கு ஆக்சிஜன் குறைவதும் ஒரு காரணம். ஆம்புலன்ஸ் கடைசியாக வரும் தெரு எது? மூளை நோய்க்கும் சாதி முகவரி இருக்கிறது, தோழர்களே.

அந்த முகவரியை மாற்றத்தான் நம் பாட்டன் பூட்டன்கள் மதம் மாறினார்கள். அங்கேயும் சாதி தனிக் கல்லறையாக வந்து நின்றது. அதையும் எதிர்த்துக்கொண்டே இருக்கிறோம். அரசு தன் பங்குக்கு 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணையை வைத்துக் கதவைச் சாத்தியது. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறந்தது. மதத் தடையை நீக்கச் சொல்லி 2007-லேயே ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தும் தலித் கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. அந்தக் கொத்தனாரை யாராவது சாதி சொல்லி அடித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்குத் துணை வராது. கும்பிடும் சாமியைப் பார்த்துப் பாதுகாப்பைப் பிடுங்குகிற நாடு, அந்தச் சாமியிடம் ஏன் அழுகிறாய் என்று கேட்கலாமா?

நம்மில் சில தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. "கடவுளை விட்டால்தான் தெளிவு வரும்" என்று அந்த அம்மாவிடம் போய் வகுப்பெடுக்காதீர்கள். அவர் தெளிவாகத்தான் இருக்கிறார். போதகரை நேருக்கு நேர் கேள்வி கேட்டவர் அவர்தான். நம்பிக்கை அவரைத் தாங்குகிறது. அதற்கு மாற்றாக நம்மிடம் இருப்பது என்ன, துண்டறிக்கையா? ஜெபிக்கிற உரிமையும் மருந்து பெறும் உரிமையும் ஒரே ஆளுடையவை. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கு என்று சொல்ல எவருக்கும் அதிகாரம் இல்லை.

செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. வலிப்பு மாத்திரையும் அந்தப் பையில் எல்லா ஊருக்கும் தவறாமல் வர வேண்டும் என்று கேட்போம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பு இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுவோம். "மாத்திரையை நிறுத்தாதே" என்று ஞாயிறு ஆராதனையில் அறிவிக்கச் சொல்லி ஆயர்களிடம் போவோம். பல ஆயர்கள் செய்வார்கள். செய்யாதவர்களைச் சபை மக்களே கேட்கட்டும்.

வலிப்பு வந்தால் இரும்புச் சாவியைக் கையில் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். வலிப்பைக் காட்டிக் கல்யாணத்தை உடைக்க வருபவர்களிடம், இந்து திருமணச் சட்டத்திலிருந்தே 1999-ல் வலிப்பு நீக்கப்பட்டுவிட்டது என்று சொல்லுங்கள்.

அடுத்த சுகமளிக்கும் கூட்டம் எங்கோ ஒரு ஊரில் போஸ்டர் ஒட்டத் தொடங்கியிருக்கும். போஸ்டரில் வலிப்பைக் குணமாக்குவோம் என்றிருந்தால் படம் எடுங்கள், காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். அந்த ஊரில் மாத்திரை சாப்பிடுபவர்கள் யார் என்று தெரிந்துகொண்டு, கூட்டம் நடக்கும் மூன்று நாளும் அவர்கள் வீட்டில் போய் உட்காருங்கள். ஜெபிக்கிற நேரத்தில் ஜெபிக்கட்டும். மாத்திரை நேரத்தில் தண்ணீர்ச் செம்பை நீங்கள் எடுத்துக் கொடுங்கள்.